பரியத்தில் கழிந்த கடன்

ரிசப்ஷனில் இருந்து போன் வந்தபோது நான் வார்டில் ஒரு பெரியவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஊசி வேண்டாம் என்று கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். "ஏனுங்க, காச்சல் உங்களுக்கா எனக்கா? கையை நீட்டுங்க" என்றேன். "உனக்கு வாய் நொம்ப நீளம்" என்றார். சேலத்தில் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளில் இருந்து டாக்டர், இன்சார்ஜ் சிஸ்டர், நோயாளி என்று எல்லோரும் என்னைப் பற்றி ஒருமனதாகச் சொல்கிற விஷயம் அது ஒன்றுதான். ஊசியைப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஏசி போட்ட இடத்தில் அவர் எப்போதும் அப்படித்தான், யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பது மாதிரி. காலடியில் ஒரு பை நிறையப் பேரிக்காய். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் கவருக்குள் போவது ரேஷன் கார்டும் பேங்க் காகிதமும்தான்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சு கண்ணு." சாப்பிடவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்னங்கப்பா கவருல?"

"நம்ம சுஜிக்கு நர்சிங் காலேஜுல எடம் கெடச்சிருச்சு. பேங்குல லோன் கேட்டிருக்கறேன். என்ற பேரு அங்க கெட்டுக் கெடக்குதாமா. மாசச் சம்பளக்காரங்க யாராச்சும் ஜாமீன் கையெழுத்துப் போட்டாத் தர்றேங்கறாரு மேனேஜரு. அதான், நீ ஒரு கையெழுத்து..."

"முடியாதுங்கப்பா."

யோசிக்கவே இல்லை. வாயில் இருந்து அதுவாக வந்து விழுந்தது. அவர் கெஞ்சுவார், நான் கத்துவேன், ரிசப்ஷன் பெண் வேடிக்கை பார்ப்பாள் என்று நினைத்தேன். அவர் "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கவரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்ப யாரு கையெழுத்துப் போடுவா?"

"பாத்துக்கலாம் சாமி. ஆள் இருக்குது. நீ போய் வேலையப் பாரு."

பேரிக்காயைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் அப்பா ஐயாக்கண்ணு அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மிளகு வியாபாரியிடம் ஐந்து ரூபாய்க்கு அரை நாள் மல்லுக்கு நிற்பவர். ஏதோ சரியில்லை என்று அப்போதே தோன்றியது.

நான் ஏன் மூஞ்சியில் அடித்தாற்போல முடியாது என்றேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கூடப் பிறந்த தங்கச்சிக்கு ஒரு கையெழுத்துப் போடாத கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பீர்கள்.

எங்கள் வீடு ஏற்காட்டில் கிளியூர்ப் பக்கம். ஒரு ஏக்கருக்கும் குறைவாகக் காப்பி, நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. அம்மா வெள்ளையம்மாள் எஸ்டேட்டில் கூலிக்குப் போகிறாள். நான் பிளஸ் டூ முடித்தபோது மலைக்கு வந்த காலேஜ் ஏஜெண்ட் ஒருவன், "நர்சிங் முடிச்சா மாசம் அம்பதாயிரம், வெளிநாடு போனா ரெண்டு லட்சம்" என்றான். அவன் போட்டிருந்த சட்டையை நம்பினோம். பேங்கில் நாலு லட்சம் கொடுத்தார்கள். படிக்கும்போது கட்ட வேண்டியதில்லை என்றார்கள். கட்ட வேண்டியதில்லை, சரி. வட்டி தூங்காது என்பதை யாரும் சொல்லவில்லை. படித்து முடித்து வேலை தேடி உட்காருவதற்குள் அது ஐந்தைத் தாண்டிவிட்டது.

முதல் சம்பளம் பன்னிரண்டாயிரம். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் நாலாயிரம் பிடித்துக்கொண்டு கையில் எட்டு கொடுத்தார்கள். பேங்குக்கு மாதத் தவணை ஒன்பது. எட்டில் ஒன்பதை எப்படிக் கட்டுவது என்று மேனேஜரிடமே கேட்டேன். "சம்பளம் ஏறும்மா" என்றார். ஏறத்தான் செய்தது, வருஷத்துக்கு ஆயிரம். அதற்குள் பாக்கி ஆறு லட்சமாகிவிட்டது. நான்கு வருஷம் ராத்திரி பகலாகப் படித்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களைக் காப்பாற்றுகிற வேலைக்கு வந்து, பேருந்து நிலையத்தில் டீ ஆற்றுகிறவரைவிடக் குறைவாக வாங்கினேன். டீ ஆற்றுகிறவருக்கு லோனும் கிடையாது.

தவணை நின்றது. ஒரு நாள் வசூல் ஆள் ஒருவன் ஏற்காடு சந்தைக்கே வந்து, மிளகு விற்றுக்கொண்டிருந்த அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டான். ஊரே பார்த்தது. பக்கத்தில் தங்கச்சி சுஜாதா நின்றிருந்தாள், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பொத்தான் அறுந்து மிளகுச் சாக்குக்குள் விழுந்துவிட்டதாம். அப்பா குனிந்து அதைத் தேடினாராம். இதை அம்மா போனில் சொன்னபோது நான் மருந்து டிராலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் கரடியூரில் இருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை விஜயகுமார். சொந்த ஜீப், நாலு ஏக்கர் தோட்டம். மாப்பிள்ளையின் அப்பா பாலசுப்பிரமணியம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட ஒரு தம்பி கார்த்திக்.

எங்கள் மலை ஆட்களிடம் வரதட்சணை கிடையாது. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் தர வேண்டும். ஒரு சேலை, இரண்டு வள்ளம் ராகி, வெற்றிலைத் தட்டில் கொஞ்சம் பணம். ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் முன்னால் பேசி முடிப்பார்கள். கீழ்நாட்டில் பெண்ணைப் பெற்றவன் அழுவான், எங்கள் மலையில் அந்தப் பேச்சே இல்லை என்று காலேஜில் நான் பெருமையடித்துக்கொண்டதுண்டு.

அன்றைக்கு அப்பா கைகூப்பிக்கொண்டு, "எனக்கு ராகி வேண்டாமுங்க, சேலையும் வேண்டாம். பொண்ணு பேருல இருக்கற பேங்குக் கடனக் கட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்க. அதுதான் பரியம்" என்றார். மலையில் அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பாலசுப்பிரமணியம் மாமா போனை எடுத்தார், கணக்குப் போட்டார். என் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார், வருஷத்துக்கு எவ்வளவு ஏறும் என்று கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாலு வருசத்துல போட்டது வந்துரும். அப்புறம் வர்றதெல்லாம் மிச்சம். ஜீப்புன்னா டீசல் ஊத்தோணும், இதுக்கு அதுவும் வேண்டியதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் ஊர்க் கவுண்டர் வழக்கப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார். "நாளைக்குப் பொண்ணு வாழ மாட்டேன்னு வந்துட்டா பரியத்தத் திருப்பி வச்சரோணும். வட்டி கெடையாது." ஒரு சேலையும் ராகியும் என்றால் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடலாம், எங்கள் பெண்கள் வந்தும் இருக்கிறார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் அதற்காகத்தான் பரியத்தைச் சின்னதாக வைத்தார்கள் போலிருக்கிறது. ஆறு லட்சத்தை எந்தப் பெண் எங்கிருந்து கொண்டுவந்து வைப்பாள்? அதை அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. உள்ளே காப்பி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த நான் யோசித்தேன். யோசித்துவிட்டுச் சரி என்றும் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்தார்கள், அது போதும்.

விஜயகுமார் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் விருந்தாளி வந்தால், "இவள பேங்குல இருந்து மீட்டுட்டு வந்தேன்" என்று சொல்லிச் சிரிப்பார். என் ஏடிஎம் கார்டு மாமியாரின் பெட்டியில் இருக்கிறது. வாரம் ஆறு நாள் சேலத்தில் ஹாஸ்டல், ஒரு நாள் கரடியூர். வளைகுடாவுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள், இன்டர்வியூ போகட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "தாராளமாப் போ. பரியத்த வச்சுட்டுப் போ" என்றார், சிரித்துக்கொண்டே. முறைத்தால் திருப்பி முறைக்கலாம், சிரிக்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? இந்த நீள வாய்க்காரிக்கே தெரியவில்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். டூட்டி முடிந்ததும் படுத்த படுக்கையாக இருந்த ஒரு வக்கீலுக்குப் புண் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு வருவேன். அந்தப் பணத்தைப் போஸ்ட் ஆபீஸில் போட்டேன். ஆறு லட்சம் சேர்ந்ததும் கொண்டுபோய் ஊர்க் கவுண்டர் முன்னால் வைக்க வேண்டும், வைத்துவிட்டு நடக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் அறுபதாயிரம் சேர்ந்தது. இப்போது எனக்கு இருபத்தாறு. இதே வேகத்தில் போனால் நாற்பத்துநாலு வயதில் நான் எனக்குச் சொந்தமாகிவிடுவேன். சிரிக்காதீர்கள், ராத்திரி அதை நினைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இப்போது சொல்லுங்கள், அதே படிப்புக்கு அதே பேங்கில் என் தங்கச்சியை நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விட வேண்டுமா?

லீவு நாளில் கரடியூருக்குப் போகாமல் நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். மலை மேல் தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. அம்மா களை எடுக்கப் போயிருந்தாள். அப்பா பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். சுஜாதா வாசலுக்கு ஓடி வந்து, "அக்கா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கற!" என்றாள். குரலில் சந்தோஷம் பாதி, பயம் பாதி.

கட்டிலில் ஒரு புதுச் சேலை இருந்தது. அரக்கு நிறம், விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பக்கத்தில் வெற்றிலைத் தட்டு.

"யாருக்குடி விசேஷம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உறுதி பண்றாங்க. வர்ற புதன்கெழம."

"யாரு யாரை உறுதி பண்றாங்க?"

"என்னைய. கார்த்திக் மாமாவுக்கு."

என் கொழுந்தன். பதினேழு வயசுப் பெண்ணுக்கு.

"கல்யாணம் இப்ப இல்லக்கா, படிச்சு முடிச்சுத்தான். உன்ற மாமனாரு ஜாமீன் கையெழுத்துப் போடறேன்னுட்டாரு. மொத வருசம் கையில கட்டற அறுபதாயிரமும் அவரே தர்றாரு. முடிச்சதும் லோன அவங்க கட்டிக்குவாங்க. அதுதான் பரியம்."

ஆள் இருக்குது என்று அப்பா சொன்னது இதுதான். போனை எடுத்து விஜயகுமாரைக் கூப்பிட்டேன். "உனக்குச் சந்தோசமா இருக்கும்னு நெனச்சு சொல்லல. அக்கா தங்கச்சி ஒரே ஊட்டுல இருப்பீங்க. அப்பா கணக்குப் போட்டுட்டாரு, ஊட்டுல ரெண்டு நர்ஸு, ரெண்டு சம்பளம்" என்றார். பேச்சை முடிக்காமலே வைத்துவிட்டேன்.

பின்பக்கம் போனேன். "ஏம்ப்பா, நாங்க ரெண்டு பேரும் உங்களுக்குப் பொண்ணுங்களா, இல்ல சந்தையில வித்து முதலெடுக்கற மூட்டையா?" என்று கத்தினேன். அப்பா கோடரியைக் கீழே வைத்தார். நான் இன்னும் கத்தியிருப்பேன், சுஜாதா வந்து நடுவில் நின்றுகொண்டாள்.

"அப்பாவத் திட்டாதக்கா. இத நாந்தான் சொன்னேன்."

"நீயா?"

"அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. அக்காகிட்ட ஒருக்காக் கேட்டுப் பாக்கறேன், அவ போட்டா இந்தப் பேச்சே வேண்டாம்னு சேலத்துக்கு வந்தாரு. நீ மாட்டேன்னுட்ட." அவள் அழவில்லை. கணக்கு வாத்தியார் முன்னால் நின்று ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "அன்னைக்குச் சந்தையில நான் பக்கத்துல இருந்தேன்க்கா. நீ இல்ல. அந்தாளு சட்டையப் புடிச்சு உலுக்கறான், இவரு 'ஏனுங்க, ஏனுங்க'ன்னு மரியாதையாப் பேசிட்டே இருக்கறாரு. அப்புறம் பொத்தானத் தேடறாரு. இன்னொருக்கா என்னால பாக்க முடியாது. கடைசியில பரியத்துலதான் கழியப் போகுது. முன்னாலயே பேசி வச்சுட்டா யாரும் சந்தைக்கு வர மாட்டாங்கல்ல?"

என் கடனில் இருந்து அவள் கற்றுக்கொண்ட பாடம் இது. சம்பளம் கடனை அடைக்காது, கல்யாணம்தான் அடைக்கும் என்று. தப்பு என்று சொல்ல என் கையில் என்ன சாட்சி இருக்கிறது?

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். படித்து முடிக்கும்போது எவ்வளவு கடன் இருக்கும், முதல் சம்பளம் எவ்வளவு வரும், ஹாஸ்டலுக்கு எவ்வளவு போகும், தவணை எவ்வளவு. "கணக்கு வராது சுஜி. எப்படிப் போட்டாலும் வராது."

"எஸ்டேட்டுல களை எடுத்தா மட்டும் வருதாக்கா?"

வெளியே மழை வலுத்தது. அம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அந்த மழையில்தான் நின்றுகொண்டிருப்பாள்.

"எனக்கு அந்த வேல புடிச்சிருக்குதுக்கா" என்றாள் மெதுவாக. "உன்ற வார்டுக்கு ஒருக்கா வந்தனே, நீ ஒரு தாத்தாவத் திட்டித் திட்டியே சாப்ட வச்சியே. நானும் அப்படி இருக்கோணும்."

"கார்த்திக்கப் புடிச்சிருக்குதா?"

சேலையின் விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. "கெளம்பு, அப்பாவக் கூட்டிக்க, கவர எடுத்துக்க" என்றேன்.

முதலில் போஸ்ட் ஆபீஸ். பிறகு பேங்க். மேனேஜர் நல்ல மனிதர்தான், சின்ன வயது. என் சம்பளச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிச்சு முடிச்சு ஒரு வருசம் கழிச்சுத்தான் தவணை ஆரம்பிக்கும். தங்கச்சி கட்டலைன்னா உங்க சம்பளத்துல கை வைப்போம். கடன் முழுசாத் தீர்ற வரைக்கும் உங்க பேருல இந்த ஜாமீன் நிக்கும். வெளியூர், வெளிநாடுன்னு போனாலும் விடாது. ஊட்டுக்காரருக்குத் தெரியுமாங்க?"

"என் கையெழுத்துதானே சார் வேணும்? அவரு கையெழுத்து இல்லையே?"

காட்டிய இடத்திலெல்லாம் போட்டேன். என் பேரில் ஒரு ரூபாய் கடன் இல்லை என்று இரண்டு வருஷம் இருந்தேன். அது அந்த மேஜையில் முடிந்தது. அறுபதாயிரத்தையும் எடுத்து வைத்தேன். மேனேஜர் அதைக் காலேஜ் பேருக்கு அனுப்பச் சீட்டு எழுதினார்.

அப்பா நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பணம் எதுக்குச் சேத்துன கண்ணு?"

"சும்மாதாங்கப்பா. கையில இருந்துச்சு."

அவர் நம்பிவிட்டார், இல்லை நம்பியது மாதிரி இருந்துகொண்டார். சுஜாதா நம்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

வெளியே வந்ததும் அப்பாவை ஓரமாக நிறுத்தினேன். "நல்லாக் கேட்டுக்கோங்க. புதன்கெழம ஒண்ணும் இல்ல. அந்தச் சேலையத் திருப்பி அனுப்பிருங்க. என்ற மாமனாரு கேட்டா, பொண்ணு படிக்கப் போறா, ஜாமீன் அக்கா போட்டுட்டான்னு சொல்லுங்க. இவ படிச்சு, இவளுக்குப் புடிச்சவனா ஒருத்தன் வந்தா, அன்னைக்குப் பரியம் ஒரு சேல, ரெண்டு வள்ளம் ராகி. அதுக்கு மேல ஒத்த ரூபா வாங்குனீங்கன்னா உங்க ஊட்டுப் படி ஏற மாட்டேன்."

"சரி சாமி" என்றார். பிறகு, "உன்ற ஊட்டுல ஏதாச்சும் சொன்னா?" என்றார்.

"சொல்லுவாங்க."

சொன்னார்கள். பஸ் ஏறுவதற்குள்ளேயே போன் வந்துவிட்டது. "யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட? அந்த அறுபதாயிரம் ஏது உனக்கு?" என்றார் விஜயகுமார். பேங்கில் யாரோ பார்த்திருக்க வேண்டும், சேதி அதற்குள் கரடியூர் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணமான நாளில் இருந்து அவர் சிரிக்காமல் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான்.

"நான் சம்பாதிச்சதுங்க."

"நீ சம்பாதிக்கறது யாருதுன்னு ஊர்க் கவுண்டரு முன்னால பேசியாச்சு. மறந்துட்டியா?"

"மறக்கலீங்க" என்றேன். அது உண்மை.

பஸ் கிளம்பியது. சுஜாதா மழையில் நனைந்துகொண்டே கையாட்டினாள், சிரித்தாள், அவளுக்கு அழுகை வந்தாலும் அந்தச் சிரிப்பு பொய்யில்லை. வளைவுகளில் பஸ் இறங்க இறங்கக் காதடைத்தது. வழக்கம்போலக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பூஜ்யத்தில் இருந்து. நாற்பத்தாறு வந்தது. அதுவும் அவள் தவணையை அவளே கட்டினால். நான் வாங்கிய முதல் சம்பளம்தான் அவளுக்கும் என்றால் அந்தக் கணக்கு வரவே வராது.

ஹாஸ்டலுக்குப் போனதும் வக்கீல் வீட்டுக்குப் போன் செய்தேன். காலையிலும் வரட்டுமா, இரண்டு வேளையும் நானே கட்டுப் போட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். அப்பா நேற்று ராத்திரி இறந்துவிட்டார் என்றாள் அவர் மகள்.